எல்லைப்புறக் குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள்: தேர்வும் வாசிப்பும்

குழந்தை நலத் திட்டங்களின் செலவினப் பட்டியலில் படப் புத்தகம் மிகச் சிறிய இனமாகும். சத்துணவு, கட்டடம், பணியாளர் மதிப்பூதியம், எடை பார்க்கும் கருவி ஆகியவற்றுக்குப் பின்னர், 'கற்றல் பொருள்கள்' என்ற பொதுத் தலைப்பின் கீழ் அது ஒதுங்கி நிற்கும். தொகை சிறிதாயிருப்பதால் தேர்விலும் கவனம் சிறிதாகவே செலுத்தப்படுகிறது. ஆனால் இரு மொழிகள் கலந்து வழங்கும் எல்லைப்புறப் பகுதியில், மூன்று வயதுக் குழந்தையின் முன் எந்தப் புத்தகம் விரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, அக்குழந்தை வாய் திறந்து பேசுவதும் வாய்மூடி அமர்ந்திருப்பதும் பெருமளவு அமைகின்றன. இக்காரணத்தால் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் இப்பொருள் தனிக் கவனத்திற்கு உரியதாகிறது.

தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். தாய் விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் சென்றுவிடுகிறாள். குழந்தை அங்கன்வாடிக்கு வருகிறது. அங்கு சுவரில் ஒரு படம். அதன் கீழ் மலையாள எழுத்து. பணியாளர் படத்தைக் காட்டி 'பூச்ச' என்கிறார். குழந்தைக்கு அது பூனை. அடுத்த படத்தைக் காட்டி 'பட்டி' என்கிறார். குழந்தையின் வீட்டில் பட்டி என்பது ஆடு அடைக்கும் இடம். படத்தில் இருப்பதோ நாய். தனக்குத் தெரிந்த பொருளுக்குத் தான் அறிந்த பெயர் தவறாகிப்போவதைக் காணும் குழந்தை, சில நாள்களில் பெயர் சொல்வதையே நிறுத்திவிடக்கூடும். இக்குழந்தைக்கு அறிவுக் குறைவு ஏதும் இல்லை. அதன் மொழிக்கு வாய்ப்பு இல்லை என்பதே உண்மை.

எல்லையும் மொழியும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது, எல்லைக் கோடு எங்கு வரையப்பட்டிருந்தாலும் இருபுறமும் மொழிச் சிறுபான்மையினர் இருந்தே தீருவர் என்பது அறியப்பட்டிருந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் உழவர்களும் உழைப்பாளர்களும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அட்டப்பாடியின் அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் தத்தம் மொழிகளைப் பேசுகின்றனர். இவற்றுள் இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது.

இடுக்கி மாவட்டத்தின் வரலாறு வேறு. 1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் ஆங்கிலேயத் தோட்ட முயற்சிக்குக் குத்தகையாகப் பெறப்பட்ட பின்னர், தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் மூணாறுப் பகுதியில் குடியேறின. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் இன்றும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக உள்ளனர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் வேலைக்கு வந்து திரும்புவோரும் உண்டு. 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்ட இடமலைக்குடியில் முதுவான் மக்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பேர் ஆவர்.

1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழியில் கற்கும் வசதியை ஏற்படுத்த முயலுமாறு ஒவ்வொரு மாநிலத்தையும் பணிக்கிறது. கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளிகளும், அவற்றுக்கெனத் தமிழில் அச்சிடப்படும் மாநிலப் பாட நூல்களும் உள்ளன. ஆயினும் 'தொடக்கக் கல்வி' என்ற சொல் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குவதாக வழக்கில் கொள்ளப்பட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பருவம் அந்தப் பாதுகாப்பின் வாயிலுக்கு வெளியே நின்றது. மொழி வேகமாக வளரும் ஆண்டுகளும் அவையே என்பது கருதற்பாலது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தை ஒரே நிலையாகக் கொண்டு, வீட்டு மொழிக்கு முதலிடம் தந்துள்ளது. கொள்கையளவில் வாயில் திறந்துவிட்டது. அதன் வழியே எந்தப் புத்தகங்கள் உள்ளே வரும் என்பதே இனிக் கேள்வி.

உரக்கப் படித்துக் காட்டுவது ஏன்?

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கேரளத்தில் முதலில் மலப்புரம் மாவட்டத்தின் வேங்கரை வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பள்ளி முன்பருவக் கல்வி அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்றாகத் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. எனினும் பல இடங்களில் அது எழுத்துகளையும் எண்களையும் மனப்பாடம் செய்விப்பதாகச் சுருங்கிவிட்டது. புத்தகத்தை விரித்து, படத்தைக் காட்டி, கதையை உரக்கப் படித்துக் காட்டுதல் என்பது பொழுதுபோக்காகவே கருதப்பட்டது.

இது பொழுதுபோக்கு அன்று என்பதைக் குழந்தைக் கல்வியில் தோய்ந்தோர் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். 1920ஆம் ஆண்டில் குஜராத்தின் பவநகரில் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதை சொல்லுதலைக் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்றாக ஆக்கி, அதன் இலக்கணத்தைத் தனி நூலாகவே எழுதினார். அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாரும் அவருடைய குழுவினரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. 21 முதல் 35 மாத வயதுள்ள குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பிரிவினருக்கு, படப் புத்தகத்தைப் படிக்கும்போது கேள்வி கேட்கவும், குழந்தையின் விடையை விரித்துச் சொல்லவும் பயிற்சி தரப்பட்டது. மற்றப் பிரிவினர் வழக்கம்போல் படித்துக் காட்டினர். ஒரே மாதத்தில் முதற்பிரிவுக் குழந்தைகளின் பேச்சுத் திறன் சில மாத வளர்ச்சிக்கு ஒப்பாக முன்னேறியிருந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின் சோதித்தபோது அவ்வேறுபாடு குறைந்திருந்ததேயன்றி மறைந்துவிடவில்லை.

இவ்வாய்வு தரும் பாடம் எளியது. பயன் விளைவது புத்தகத்தை ஓதுவதால் மட்டும் அன்று. புத்தகத்தை நடுவில் வைத்துக் குழந்தையும் பெரியவரும் பேசிக்கொள்வதால் ஆகும். ஆகவே குழந்தை எந்த மொழியில் விடை சொல்ல இயலுமோ அந்த மொழிக்கு இடம் தரும் புத்தகமே நற்பயன் தரும். எல்லைப்புறத் தேர்வுக்கு இதுவே அடிப்படை விதி.

முதல் அளவுகோல்: மொழி

எல்லைப்புற அங்கன்வாடியில் மலையாளம் வேண்டாம் என்று எவரும் கூறார். அம்மாநிலத்தில் வளர்ந்து, படித்து, பணி தேட வேண்டிய குழந்தைக்கு மலையாளம் தேவை. தமிழா மலையாளமா என்று ஒன்றை விலக்கி மற்றதைக் கொள்ளும் வினாவே தவறானது. தெரிந்த மொழியில் நின்றுகொண்டு தெரியாத மொழியை எட்டிப் பிடிக்கக் குழந்தைக்கு உதவும் நூல் எது என்பதே சரியான வினா.

இதற்கு இருமொழி நூல்களும், ஒரே படங்களோடு இரு மொழிகளிலும் தனித்தனியே வெளியாகும் நூல்களும் பொருத்தமானவை. இது புதிய கருத்து அன்று. குழந்தைகளுக்கான முதல் படப் பாட நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படும் கொமேனியசின் நூல் 1658ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரில் வெளிவந்தபோது, இலத்தீனையும் ஜெர்மன் மொழியையும் பக்கம் பக்கமாகவே கொண்டிருந்தது. சுமார் 150 படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அதே எண்ணை இரு மொழிச் சொற்களுக்கும் இட்டிருந்தார். கற்ற மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடையே படம் பாலமாக நின்றது.

நம் நாட்டிலும் இத்தகைய நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1957ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே கதையை ஒரே படங்களோடு பல இந்திய மொழிகளில் வெளியிட்டுள்ளது. காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் அதே 1957இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். கேரள அரசின் குழந்தை இலக்கிய நிறுவனம் 1981 முதல் மலையாளத்தில் நூல்களை வெளியிட்டு வருகிறது. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழ், மலையாளம் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் படப் புத்தகங்களை வெளியிட்டுள்ளது. பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 முதல் தன் கதைகளை இணையத்தில் திறந்த உரிமத்தோடு வழங்குகிறது. அவற்றை எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். இருளர், முதுவான் போன்ற மக்களின் மொழிகளில் விற்பனைச் சந்தை இல்லாத காரணத்தால் வணிகப் பதிப்பாளர் முன்வருவது அரிது. அம்மொழிகளுக்கு இத்தகைய உரிமம் பெரிதும் உதவக் கூடியது.

இரு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள் மிகுந்த கதைகளை முதலில் எடுத்துக்கொள்வது நலம். யானை தமிழ்ப் பேச்சில் ஆனை, மலையாளத்தில் ஆன. மழையும் மலையும் சற்றே ஒலி குறுகி 'மழ', 'மல' ஆகின்றன. மரம், மயில், கிளி, மீன், அம்மா ஆகியன மாறுவதே இல்லை. இச்சொற்களால் அமைந்த கதை படிக்கப்படும்போது இரு வீட்டுக் குழந்தைகளும் ஒருங்கே தலையசைப்பர். பொருள் பிறழும் சொற்களைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். 'வெள்ளம்' என்பது மலையாளத்தில் குடிக்கும் நீர். தமிழில் ஊரை அடித்துச் செல்லும் பெருக்கு. 'குட்டி' அங்கு குழந்தை. இங்கு ஆட்டுக்கும் பூனைக்கும் பிறந்தது. படம் தெளிவாக இருப்பின் இவ்வேறுபாடு குழப்பமாகாமல் விளையாட்டாகிவிடும்.

இரண்டாவது அளவுகோல்: படம்

மூன்று வயதுக் குழந்தை எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைப் படிக்கிறது. எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் கதை விளங்குகிறதா என்பதே நல்ல படப் புத்தகத்திற்கு முதற் சோதனை. இச்சோதனையில் தேறிய நூலை எம்மொழி பேசும் பணியாளரும் எம்மொழிக் குழந்தைக்கும் சொல்லிக் காட்ட இயலும். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் இக்காரணத்தால் எல்லைப்புறங்களுக்கு மிகவும் ஏற்றவை.

படத்தில் குழந்தையின் உலகம் ஓரளவேனும் இருத்தல் வேண்டும். கொழிஞ்சாம்பாறைக் குழந்தை அறிந்தது பனைமரமும் நிலக்கடலைக் காடும் காற்றும். மறையூர்க் குழந்தை கரும்பையும் வெல்லம் காய்ச்சும் கொப்பரையையும் அறியும். மூணாற்றுக் குழந்தைக்குப் பனிமூட்டம், கம்பளிச் சட்டை, லயத்து வாசல், மலைச்சரிவில் மேயும் வரையாடு ஆகியவை பழக்கமானவை. அட்டப்பாடிக் குழந்தைக்கு ராகியும் சாமையும் தெரியும். படப் புத்தகங்களில் வரும் வீடு எப்போதும் மாடி வீடாகவும், உண்ணும் உணவு எப்போதும் ரொட்டியாகவும் இருக்குமானால், புத்தகம் என்பது வேறு யாருக்கோ உரிய பொருள் என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் ஊன்றிவிடும்.

எனினும் உள்ளூர்ப் படம் மட்டுமே போதும் என்பதும் சரியன்று. கடலைக் காணாத மலைக் குழந்தைக்குக் கடலைக் காட்டுவதும் புத்தகத்தின் பணியே. பத்து நூல்களில் ஆறு குழந்தை அறிந்த உலகையும், நான்கு அறியாத உலகையும் காட்டுவனவாக இருப்பது பொருத்தமான கலவை எனலாம். பழங்குடியினரையும் தோட்டத் தொழிலாளரையும் இழிவாகவோ வேடிக்கைப் பொருளாகவோ சித்திரிக்கும் நூல்களை முற்றிலும் நீக்குதல் வேண்டும். கரிய நிறமுடையவனைக் கள்வனாகவும், சிவந்த நிறமுடையவளை நல்லவளாகவும் காட்டும் படங்கள் எழுத்தில் எவ்வளவு நீதி புகட்டினும் கேடே விளைவிக்கும்.

மூன்றாவது அளவுகோல்: கதையும் நடையும்

உரக்கப் படிப்பதற்குரிய நடை, கண்ணால் படிப்பதற்குரிய நடையினின்று வேறுபட்டது. வாக்கியம் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஒரு தொடர் மீண்டும் மீண்டும் வருமாயின், மூன்றாம் முறையில் குழந்தைகள் தாமே அதைச் சேர்ந்து சொல்லத் தொடங்குவர். வாய் திறவாத குழந்தை முதன்முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் இத்தகைய பல்லவித் தொடரில்தான். கூட்டத்தோடு சேர்ந்து சொல்லுவதில் தவறு செய்யும் அச்சம் இல்லை.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வெகுவாக விலகி நிற்கின்றன. 'யானை ஆற்றில் இறங்கிக் குளித்தது' என்று அச்சில் இருப்பதை, 'ஆனை ஆத்துல எறங்கிக் குளிச்சுச்சு' என்றுதான் வீட்டில் சொல்வர். முதல் வாசிப்பில் பேச்சு வழக்கிலும், குழந்தைகள் கதையை அறிந்த பின்னர் அச்சில் உள்ளபடியும் படித்துக் காட்டுவது இதற்குத் தீர்வாகும். இவ்வாறு செய்யும்போது எழுத்துத் தமிழும் குழந்தைக்கு இயல்பாகவே அறிமுகமாகிறது. அச்சில் உள்ளதை ஓர் எழுத்தும் பிசகாமல் படிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் வற்புறுத்துதல் நோக்கத்திற்கு மாறானது.

வயதுக்கேற்ற வேறுபாடும் கருதத் தக்கது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்குப் பக்கத்திற்கு ஒரு பொருளும் ஒரு சொல்லும் போதும். மூன்று, நான்கு வயதினருக்கு ஒரே நிகழ்ச்சியைக் கொண்ட, பக்கத்திற்கு ஓரிரு வரிகளுள்ள 16 பக்க நூல் ஏற்றது. ஐந்து, ஆறு வயதினர் 24 பக்கக் கதையையும், அடுத்து என்ன நேரும் என்று ஊகிக்கத் தூண்டும் திருப்பத்தையும் விரும்புவர். முடிவில் நீதி கூறியே தீர வேண்டும் என்பதில்லை. கேட்ட கதையை மறுநாளும் கேட்க விழைகிறது குழந்தை என்றால் அந்நூல் தன் கடமையைச் செய்துவிட்டது.

நூலின் உருவமும் உறுதியும்

இருபது குழந்தைகளுக்கு நடுவே விரித்துக் காட்டப்படும் நூல், கடைசியில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரிய வேண்டும். ஆகவே பெரிய அளவும், நெருக்கமற்ற படமும், அழுத்தமான கோடுகளும் தேவை. கண்ணைப் பறிக்கும் பளபளப்புத் தாள் சன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படத்தை மறைத்துவிடும். நடுத்தையல் உறுதியாக இருத்தல் இன்றியமையாதது. பசையால் மட்டும் ஒட்டப்பட்ட நூல் ஒரு பருவமழையைத் தாங்காது.

இடுக்கியின் நீண்ட மழைக்காலத்தில் தாள் நமத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. இராமபாணப் பூச்சியின் தொல்லையும் உண்டு. மூடியுள்ள தகரப் பெட்டியில் உலர்ந்த வேப்பிலையோடு நூல்களை வைப்பதும், வெயில் காணும் நாள்களில் விரித்து உலர்த்துவதும் செலவில்லாத பாதுகாப்பு முறைகள். ஆனால் கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புத்தகத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைப்பது எல்லாவற்றிலும் பெரிய வீணாகும். இருப்புப் பதிவேட்டில் கிழியாமல் இருக்கும் நூலைவிடக் குழந்தைகளின் கைபட்டுக் கிழிந்த நூலே பயன் தந்த நூல். ஆண்டுதோறும் ஒரு பகுதி நூல்கள் தேய்ந்து கழிவதைத் தணிக்கையாளர் இயல்பான செலவாக ஏற்க விதி செய்தல் வேண்டும்.

செலவுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு நூலின் விலை ரூ.60 என்க. அது வாரம் இருமுறை, 40 வாரங்கள் படிக்கப்பட்டால் 80 வாசிப்புகள். கேட்போர் 20 குழந்தைகள் எனின் மொத்தம் 1,600 கேட்புகள். ஒரு குழந்தை ஒருமுறை கேட்பதற்கு ஆகும் செலவு நான்கு காசுக்கும் குறைவு. அதே நூல் குழந்தைக்கு விளங்காத மொழியில் இருந்து, ஆண்டில் இருமுறை மட்டும் எடுக்கப்பட்டால், ஒரு கேட்புக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது. நூலின் விலையைக் குறைப்பதால் கிட்டும் சேமிப்பைக் காட்டிலும், ஏற்ற நூலைத் தேர்ந்து பலமுறை படிப்பதால் கிட்டும் சேமிப்பு பன்மடங்கு பெரிது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே நூறு தலைப்புகளை ஒரே தவணையில் வாங்கிக் குவிப்பதைவிட, நன்கு தேர்ந்த பன்னிரண்டு நூல்களைக் கொண்டு தொடங்குவதே சிக்கனம். குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் சலிப்பில்லை, பெரியவர்களுக்கே அச்சலிப்பு. அருகருகே உள்ள நான்கைந்து மையங்கள் பருவத்திற்கு ஒருமுறை நூல்களைத் தமக்குள் மாற்றிக்கொண்டால், பன்னிரண்டு நூல்களின் விலையில் ஒவ்வொரு மையத்திற்கும் ஐம்பது நூல்களின் பயன் கிட்டும்.

கொள்முதலில் செய்யத்தக்க மாற்றங்கள்

மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒரே மொழி, குறைந்த விலைப்புள்ளி என்ற முறையில் வாங்கும்போது எல்லைப்புற மையங்களின் தேவை கணக்கில் விடுபட்டுப்போகும். இதனைத் தவிர்க்கப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மையத்தின் தேவைப் பட்டியலிலும் 'குழந்தைகளின் வீட்டு மொழி' என்ற ஒரு பத்தி சேர்க்கப்பட்டால் போதும். தமிழ், மலையாளம், இருளர் மொழி, முதுவான் மொழி என எத்தனை குழந்தைகள் என்பதைப் பணியாளர் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். நூல்களின் விகிதம் அதற்கேற்ப அமையும்.

தேர்வுக் குழுவில் அதிகாரிகளோடு ஓர் அங்கன்வாடிப் பணியாளரும், குழந்தையின் தாய் ஒருவரும் இருத்தல் வேண்டும். நூலை அட்டையையும் விலையையும் பார்த்து முடிவு செய்யாமல், குழந்தைகள் நடுவே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்த பின்னரே வாங்குவது நன்று. அப்போது கீழ்க்காணும் ஐந்து கேள்விகளை எழுப்பலாம்:

(1) எழுத்தை மறைத்தால் படங்களே கதை சொல்லுகின்றனவா?
(2) பணியாளர் இதைக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சில் தடையின்றிச் சொல்ல முடிகிறதா?
(3) குழந்தைகள் சேர்ந்து சொல்லத் தக்க தொடர் ஏதேனும் உண்டா?
(4) இக்குழந்தைகளின் மக்களைப் போன்றோர் படத்தில் மதிப்போடு காட்டப்படுகின்றனரா?
(5) படித்து முடித்ததும் குழந்தைகள் பேசினரா, வாய்மூடி இருந்தனரா?

ஐந்தாவது கேள்விக்கே மிகுதியான மதிப்பெண் தரத் தக்கது. ஏனையவற்றில் தேறியும் இதில் தோற்ற நூலை வாங்க வேண்டியதில்லை.

நூலகங்களின் துணையும் பெறற்குரியது. 1945ஆம் ஆண்டில் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் கேரளத்தின் சிற்றூர்கள்தோறும் வேரூன்றியது. அவருடைய நினைவு நாளான ஜூன் 19 அம்மாநிலத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. எல்லைப்புற நூலகங்களின் குழந்தைகள் பிரிவில் தமிழ்ப் படப் புத்தகங்களுக்கு ஓர் அடுக்கை ஒதுக்குவதும், அந்நாளில் அருகிலுள்ள அங்கன்வாடிக் குழந்தைகளை அழைத்துப் படித்துக் காட்டுவதும் எளிதில் இயலும். மலைக்காட்டில் புத்தகத்திற்குத் தேவை இல்லை என்று கூறுவோருக்கு இடமலைக்குடியே விடை தருகிறது. சாலை இல்லாத அக்காட்டில் ஒருவர் தம் தேநீர்க் கடையிலேயே 160 நூல்கள் கொண்ட நூலகத்தை நடத்தி வந்ததையும், முதுவான் மக்கள் நூல்களை இரவல் வாங்கிச் சென்றதையும் 2014ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று நாடறியச் செய்தது. அவை பெரியவர்களுக்கான இலக்கிய நூல்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அத்தகைய வாய்ப்பு கிட்ட வேண்டும்.

வீடும் ஒரு பள்ளி

எழுதப் படிக்கத் தெரியாத தாய் படப் புத்தகத்தைப் பயன்படுத்த இயலாது என்பது பொதுவான எண்ணம். நன்கு தேர்ந்த படப் புத்தகம் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும். படத்தைப் பார்த்துத் தன் சொற்களில் கதை சொல்லவும், 'இது என்ன? அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கவும் எழுத்தறிவு தேவையில்லை. வார இறுதியில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இசைவளித்தால், தோட்டத்து லயத்திலும் பழங்குடியினர் ஊரிலும் பாட்டியின் பழங்கதைகளுக்கு அப்புத்தகம் ஒரு தூண்டுதலாக அமையும். அப்பாட்டியையே ஒருநாள் மையத்திற்கு அழைத்து, அவர் கூறும் கதையைக் கேட்டு எழுதி, குழந்தைகள் வரைந்த படங்களோடு தைத்து வைத்தால், எந்தப் பதிப்பகமும் வெளியிடாத மொழியில் ஒரு படப் புத்தகம் உருவாகிவிடும். இருளர், முதுவான் மொழிகளைப் பொறுத்தவரை தொடக்கம் இவ்வாறுதான் அமைய முடியும்.

முதலில் எண்ணிப் பார்த்த தோட்டத்துக் குழந்தையிடம் மீண்டும் வருவோம். பணியாளர் பூனையின் படத்தைக் காட்டுகிறார். குழந்தை 'பூனை' என்கிறது. 'ஆமாம், பூனை. பூச்ச என்றும் சொல்வார்கள்' என்கிறார் அவர். பெயர் தவறாகவில்லை; ஒன்று இரண்டாகியது. இதற்கு ஆகும் செலவு ஓர் ஏற்ற புத்தகமும், அதைப் படித்துக் காட்டச் சிறிது நேரமும், குழந்தையின் சொல்லை ஏற்கும் மனமுமே. முதல் இரண்டையும் ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துவிடலாம். மூன்றாவதைப் பணியாளர் பயிற்சியின் முதற் பாடமாக வைத்தல் வேண்டும்.